அறுபத்தாறாம் எண்

காலை ஐந்து இருபதுக்கு
டோர்ச் லைட்டோடு புல்லில் இறங்குவேன்.
வெள்ளை மரக்கூட்டின் கதவைத் திறந்தால்
நான்கு வெப்பமானிகள்.
இரண்டு நிற்கும், இரண்டு படுத்திருக்கும்.
மூச்சுப் படாமல் வாசிக்க வேண்டும்.
மூச்சும் சூடுதான், கணக்கைக் கெடுக்கும்.

வானத்துக்கு எங்களிடம் நூறு எண்கள்.
உலகம் முழுவதற்கும் ஒரே அட்டவணை.
அறுபத்தொன்று, விடாத சிறுமழை.
எண்பது, வந்துவிட்டுப் போகும் மழை.
பதினேழு, இடி மட்டும், துளி இல்லை,
சித்திரை வெயிலில் மூதூர்ப் பக்கம் கேட்பது.

கைநூலில் அந்தப் பக்கங்களெல்லாம்
தேநீர்க் கறை, பெருவிரல் அழுக்கு.
நடுவில் ஒரு தாள் மட்டும்
அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல:
அறுபத்தாறு, உறைமழை, இலேசானது.
அறுபத்தேழு, உறைமழை, பலமானது.
எழுபது தொடங்கிப் பனி,
செதிலாக, ஊசியாக, மணியாக,
விட்டுவிட்டு, விடாமல்.

பதினெட்டு வருடம்.
ஒரு நாளும் திருகோணமலை அவற்றைக் கேட்டதில்லை.
பதவியுயர்வுப் பரீட்சைக்கு மனனம் செய்தேன்:
விழும்போது தண்ணீர்
தொட்ட இடத்தில் கண்ணாடி.
முழுப் புள்ளி கிடைத்தது.

அந்த மார்கழி
புயல் எங்களைத் தொடாமல் வடக்கே ஏறி
வேறு யாருடையதோ கரையில் உடைந்தது.
வள்ளக்காரர் போன் எடுத்து, தப்பினம் என்றார்கள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
பிறகு காற்று திரும்பியது.
கொடிக்கம்பத்துக் கயிறு இரவெல்லாம்
இரும்பில் அடித்துக்கொண்டே இருந்தது.
துறைமுகம் சாம்பல்.
கோட்டைப் பக்கத்து மான்கள்
பூட்டிய கடைகளின் தாழ்வாரத்தில்
ஒன்றோடொன்று ஒட்டி நின்றன,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல.

நான்காம் நாள் இஸ்ஸதீன் வந்தார்,
சூரங்கலில் இருந்து, மகனின் மழைக்கோட்டில்.
நட்டஈட்டுக்கு ஒரு கடிதம் வேணுமாம்.
குளிர் இருந்தது என்று.

"நிண்ட நிலையிலேயே சரிஞ்சிட்டு, மகள்.
பதினொண்டு.
வெள்ளச்சி மட்டும் கொஞ்சம் மூச்சு வைச்சிருந்திச்சு.
அந்த ராவு எத்தின பாகை?"

பதிவேட்டைத் திருப்பினேன்.
ஆகக் குறைந்தது பத்தொன்பது தசம் எட்டு.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
"அவ்வளவுதானா?
நுவரெலியாவில அதுக்கு ஐஸ்கிறீம் குடிப்பாங்களே."

காற்றையும் சொன்னேன், மணிக்கு நாற்பத்தாறு.
மழை முப்பத்தொன்று தசம் இரண்டு மில்லிமீற்றர்.
மூன்றும் தனித்தனிக் கட்டங்களில்
ஒன்றையொன்று தெரியாத மாதிரி இருந்தன.
தோல்வரை நனைந்து
இரவு முழுக்க வெட்டையில் நின்ற ஒரு மாட்டில்தான்
அவை சந்தித்திருக்கின்றன.
அதற்குக் கட்டம் இல்லை.

அவர் அட்டவணையை இழுத்து வைத்துக்கொண்டார்.
"இதில மாடு சாகிற எண் எது?"
ஈர விரல் ஒவ்வொன்றாய் இறங்கியது.
அறுபத்தாறில் நின்றது.
"இது என்ன?"
சொன்னேன்.
"இது இஞ்ச பெய்யுமா?"
"பெய்யாது."
"அப்ப எதுக்கு வைச்சிருக்கீங்க?"

கடிதம் அடித்தேன். நான்கு வரி.
முத்திரை குத்தினேன்.
அந்த எண்கள் கச்சேரியில் ஒருவரையும்
நடுங்க வைக்கப்போவதில்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

"மிச்சம் ஏழு நிக்குது. இண்டைக்கு ராவு எப்பிடி?"
நடந்ததை எழுதுவதுதான் என் வேலை என்றேன்.
நடக்கப்போவதைக் கொழும்பு சொல்லும்.
கொழும்பின் அறிக்கையை வாசித்துக் காட்டினேன்:
கிழக்கில் அவ்வப்போது மழை பெய்யும்.
கடற்பரப்புகள் ஓரளவு கொந்தளிப்பாகக் காணப்படும்.
மறுபக்கத்தையும் திருப்பச் சொன்னார்.
மறுபக்கம் சிங்களத்தில் இருந்தது, அதே மழை.

கடிதத்தைப் பொலித்தீன் பையில் மடித்து
நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு
வாசலில் நின்று கேட்டார்,
டவுனில் பழைய சாக்கு எங்கே மலிவு என்று.
சந்தைக்குப் பின்னால், அரிசிக் கடையில் என்றேன்.
ஏழு மாட்டுக்கு எத்தனை சாக்கு வேண்டும்
என்று விரல் மடித்தபடி போனார்.

எட்டு இருபத்தைந்து.
அளவுக் குவளையை எடுத்துக்கொண்டு
புல்லில் இறங்கினேன்.